போஜனுக்கு ஓர் அஞ்சலி

ஜூலை 1

ஆண்டு மலர் அச்சாகி வந்து, இன்று இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகளையும் புக்போஸ்டில் சேர்த்தாயிற்று. ஊட்டியில் படித்த எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு மலராசிரியர் நான். பிழை திருத்துபவரும் முகவரி ஒட்டுபவரும் நானே. பசை இன்னும் விரலில் இருக்கிறது.

மலரில் சிறந்தது ஏழாம் பக்கத்தில் தொடங்கும் என் அஞ்சலிக் கட்டுரை. சென்ற மாதம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் "நம்ம போஜன் போயிட்டான்" என்று ஒரு செய்தி வந்தது. அறுபது பேர் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். நான் ஒருவன்தான் உட்கார்ந்து எழுதினேன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். படுகர் வீட்டுப் பிள்ளை. நான் மலை இறங்கி வந்து பேராசிரியராகி, முதல்வராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அவன் அங்கேயே ஒரு தேயிலை ஃபேக்டரியில் இருந்துவிட்டான். பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது. எழுதும்போது கண் கலங்கியது. இறந்தவரைப் பற்றி எழுதுவதில் இருக்கும் சுதந்திரத்தை நம் விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

"போஜன் குடும்பத்தினர்" என்று எழுதி ஒரு பிரதி அவன் வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

ஜூலை 2

காலை பத்தேகாலுக்கு போஜன் போன் செய்தான்.

மூன்று முறை அடித்து நின்றது. நான்காம் முறை எடுத்தேன்.

"என்னடா நல்லு, என்னைக் கொன்னுட்டியாமே?"

எங்கள் வகுப்பில் மூன்று போஜன்கள். ஹாக்கி போஜன், கிதார் போஜன், நம்ம போஜன். குழுவில் செய்தி போட்டவர் ஹாக்கி விளையாடியவர். அவருடைய "நம்ம" வேறு, என்னுடைய "நம்ம" வேறு. போனது ஹாக்கி போஜன். அறுபது பேரில் யாருக்கு எந்த போஜன் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஒரு போன் செய்து துக்கம் விசாரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கட்டுரை முதலில் முடியட்டும் என்றிருந்தேன்.

"காதர் போன் பண்ணி ஓன்னு அழுதான்டா. தங்கச்சிகிட்ட குடுன்னான். யாருடா தங்கச்சி, நான்தான் பேசறேன்னேன். வெச்சுட்டான்."

காதர் மொய்தீன் எங்கள் வகுப்புத் தோழன், இங்கே திருச்சியில் இருக்கிறான். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவன். அவனுக்கு மட்டும் மலரை நேற்றே கையில் கொடுத்திருந்தேன்.

"அப்புறம் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னான், எனக்கும் ஒரு புக்கு அனுப்பியிருக்கியாமே. கண்ணு ஆபரேஷன் ஆகி ஒரு வாரந்தான் ஆகுது, எழுத்து தெரியாது. வரட்டும், ஹேமாவைச் சத்தமா படிக்கச் சொல்றேன். செத்தா என்ன சொல்வாங்கன்னு உசுரோட கேக்கற யோகம் யாருக்குக் கிடைக்கும்?"

ஹேமா அவன் மகள். நாங்கள் படித்த அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியை. தேர்வுப் பிரிவுக்குப் பொறுப்பு.

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூலை 3

தபால் நிலையம் போனேன். போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"ஒரு பிழை நேர்ந்துவிட்டது."

"என்ன பிழை?"

"ஒருவர் உயிரோடு இருக்கிறார்."

கவுன்டரில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்தார். "அது நல்லதுதானே சார்" என்றார். மூட்டை நேற்றே கிளம்பிவிட்டதாம். ஊட்டிக்கு எத்தனை நாள் ஆகும் என்றேன். நாலும் ஆகும், எட்டும் ஆகும் என்றார்.

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் பக்கத்தின் இரண்டாம் பத்தியை மறுபடி படித்தேன். அது இது:

"இரண்டாம் ஆண்டு வரலாற்றுத் தேர்வில், இளமையின் தடுமாற்றத்தால், என் நண்பன் துண்டுத்தாளோடு பிடிபட்டான். நான் முதல்வர் அறை வாசலில் இரண்டு மணி நேரம் நின்று மன்றாடினேன். நிரந்தர நீக்கம் ஓராண்டுத் தடையாகக் குறைந்தது. அன்று அவன் என் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதான்."

துண்டுத்தாள் உண்மை. தேர்வு உண்மை. முதல்வர் அறை உண்மை, அதன் வாசலில் நான் நின்றதும் உண்மை. ஆட்களை மட்டும் கட்டுரையின் வசதிக்காகச் சற்று இடம் மாற்றியிருக்கிறேன்.

மாலை காதரிடம், போஜனை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். பழைய நட்பைப் புதுப்பிக்க வேண்டும், வயதாகிறது என்றேன். "செத்தவன் பிழைச்சு வந்திருக்கான், பாக்காம இருந்தா எப்படி" என்று அவன் உடனே கார் சாவியைத் தேடினான். நல்லவன். காரணங்களைத் தோண்டுவதில்லை.

ஜூலை 4

மலையேற இ-பாஸ் வேண்டும். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டு நாலைந்து பதில் கொடுத்திருந்தார்கள். தபாலை முந்துவது அதில் இல்லை. சுற்றுலா என்று போட்டேன்.

பிற்பகல் இரண்டுக்குக் கிளம்பினோம். கரூரில் காபி. காங்கேயத்தில் டயருக்குக் காற்று. சூலூர் தாண்டியதும் ஒரு சிவப்புத் தபால் வண்டி எங்களைக் கடந்து போயிற்று. காதரை அதை முந்தச் சொன்னேன்.

"ஏன்டா?"

"மெதுவாகப் போகிறது."

"அவன்தான்டா நம்மளத் தாண்டிப் போறான்."

கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே ஆரம்பித்தான். "உன் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். எல்லாம் நல்லா இருந்துச்சு. ஆனா போஜன் எதுக்குடா பிட்டு அடிச்சான்? பரீட்சைக்கு முன்னாடி நமக்கெல்லாம் அவன்தானே பானிபட் போரை மனப்பாடமா ஒப்பிப்பான்?"

டயரில் காற்று கொஞ்சம் அதிகமோ என்று கேட்டேன். அவன் இறங்கிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் லாட்ஜ். இரவு பயணம் வேண்டாம் என்று காதர் சொல்லிவிட்டான். தபால் வண்டிகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஜூலை 5

சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பறித்துக்கொண்டார்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்கு வாந்தி. காதர் ஒவ்வொன்றையும் எண்ணினான், வளைவுகளை.

போஜன் வாசலில் நின்றிருந்தான். கறுப்புக் கண்ணாடி, தலையில் கம்பளிக் குல்லாய், தோளில் வெள்ளைப் போர்வை. என்னைக் கட்டிக்கொண்டு, "தொட்டுப் பார்த்துக்கடா, சூடா இருக்கேனா?" என்றான். அவன் மனைவி கங்கம்மா, "வாங்கண்ணா. இவரு செத்துட்டாருன்னு நாலு பேரு மாலையோட வந்துட்டாங்க. டீ கொடுத்து அனுப்பினேன்" என்றார். நான் சிரித்தேன். கூடத்தில் இருந்த தபால்களை ஒரு பார்வை பார்த்தேன். மலர் வரவில்லை.

அவரைக்கொட்டைக் குழம்போடு சாப்பாடு. ஹேமா நாலரைக்குக் கல்லூரியிலிருந்து வந்தாள். நாற்பது வயது இருக்கும். கண்டிப்பான முகம், அதில் அப்பாவின் சிரிப்பு.

"அங்கிள், உங்களப் பத்தி அப்பா பேசாத நாளே இல்ல. என் ரூம்மேட் பிரின்சிபால் ஆயிட்டான்னு ஊரெல்லாம் சொல்வாரு."

வேலை எப்படி என்று கேட்டேன்.

"அரியர் பரீட்சை நடக்குது. நேத்து ஒருத்தனப் புடிச்சேன். பிட்டு அடிக்கறவங்க மட்டும் எனக்கு ஆகவே ஆகாது அங்கிள். மத்த தப்பெல்லாம் மன்னிச்சுடுவேன். நீங்க பிரின்சிபாலா இருந்தப்ப என்ன பண்ணுவீங்க?"

"தடைதான்" என்றேன். என் பணிக்காலத்தில் அறுபத்தேழு பேர். அந்த எண்ணிக்கையை என் பிரிவுபசார மலரில் பாராட்டியிருந்தார்கள்.

"அப்பாவும் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பாரு. செகண்ட் இயர்ல மஞ்சக் காமாலை வந்து ஒரு வருஷம் போயிடுச்சு. ஃபேக்டரியில சேந்தவரு, அப்புறம் திரும்பிப் போகவே இல்ல."

நான் போஜனைப் பார்த்தேன். அவன் கறுப்புக் கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"ஆமா, கடுமையான காமாலை" என்றான்.

காமாலை என்று நான் கேள்விப்படவே இல்லை. நாற்பத்தைந்து வருடமாக அவன் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். என் கட்டுரை அதைத் திருத்தப் போகிறது.

ஜூலை 6

தபால்காரர் பதினொன்றுக்கு வருவார் என்று கங்கம்மா சொன்னார். பத்தரையிலிருந்து கேட் அருகே நின்றேன். மழை.

"உள்ள வாடா, சளி புடிக்கும்" என்று போஜன் கத்தினான்.

"மலைக் காற்று" என்றேன்.

"நாலு மாசமும் இதே காத்துதான் அடிக்கும். அப்புறமா வாங்கிக்கலாம்."

பதினொன்று இருபதுக்கு வந்தார். வங்கிக் கடிதம் ஒன்று, கல்யாணப் பத்திரிகை ஒன்று. வேறு எதுவும் இல்லையா, பைக்கு அடியில் பாருங்கள் என்றேன். அவர் பொறுமையாகப் பையைத் திறந்து காட்டினார். கைவிட்டுத் தேட மட்டும் விடவில்லை.

காதர் குடையோடு வந்து பக்கத்தில் நின்றான். "நல்லு, அந்த பிட்டு யாருதுடா?"

தும்மல் வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது.

ஜூலை 7

ஞாயிறு. தபால் இல்லை. வந்ததிலிருந்து இன்றுதான் சரியாகச் சாப்பிட்டேன்.

பிற்பகல் போஜன் என்னை மட்டும் கல்லூரிக்கு அழைத்துப்போனான். காதர் தூங்கிக்கொண்டிருந்தான். காவலாளிக்கு ஹேமாவின் அப்பாவைத் தெரியும். பழைய கட்டடத்தில் தேர்வுக் கூடம் பூட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தோம். அவனுக்கு எவ்வளவு தெரிந்தது என்று தெரியாது. ஆனால் விரலைச் சரியாகத்தான் நீட்டினான்.

"மூணாவது வரிசைடா. நீ முன்னாடி, நான் பின்னாடி."

"எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை" என்றேன்.

"எனக்கு இருக்கு. உன் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். அந்தச் சின்னத் தாள்லயும் அப்படித்தான் இருந்துச்சு. சூப்பர்வைசர் எடுத்துப் பாக்கறாரு, எனக்குப் பகீர்னுச்சு. கையெழுத்த வெச்சே உன்னைக் கண்டுபிடிச்சுடுவாங்களேன்னு. அதான் முந்திக்கிட்டு என்னுதுன்னுட்டேன்."

மழைக்காலத்தில் கண்ணாடியில் மூச்சு படிந்துவிடும். அவன் கையால் துடைத்தான்.

"நீ அதைச் செய்திருக்க வேண்டியதில்லை" என்றேன். இதைச் சொல்ல நாற்பத்தைந்து வருடம் எடுத்துக்கொண்டேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

"உனக்கு ஸ்காலர்ஷிப் இருந்துச்சு. போச்சுன்னா ஊருக்குத் திரும்பணும். எனக்கு எங்கப்பாவோட உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்துச்சு. ஒரு வருஷம்தானேன்னு நெனச்சேன். போன காலு திரும்பல, அவ்வளவுதான். ஹேமாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவளுக்கு அப்பன் பரீட்சையில புடிபட்டவன்னு தெரிய வேண்டாம். நெஜத்தைச் சொல்லலாம்னா, உம்மேல வெச்சிருக்கற மரியாதை போயிடும். ரெண்டுமே வேண்டாம்."

வரும் வழியில் கேரட் வாங்கினோம். இலையோடு கட்டாக. அவன் பேரம் பேசினான், நான் பையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 8

பதினொன்று பத்துக்கு வந்தது.

தபால்காரர் என் கையிலேயே கொடுத்தார். இவரும் இந்த வீட்டு ஆள்தான் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்போட்டேன். ஒன்பதாம் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாம். கிழித்தால், நடுவில் பின் அடித்திருப்பதால், எதிர்த் தாளான இருபத்து நான்காம் பக்கமும் கையோடு வரும். அதில் காதரின் பேரன் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் படம். அதைக் காதர் கட்டாயம் தேடுவான். இப்படிப் பதினைந்து நிமிடம் யோசித்தேன். கட்டுரையின் நடை, என் அபிப்பிராயத்தில், இன்னமும் நன்றாகவே இருக்கிறது.

"போஸ்ட்மேன் சத்தம் கேட்டுச்சே" என்றான் போஜன், வெளியே வந்ததும்.

"கரண்டு பில்."

"கரண்டு பில்லு போஸ்ட்ல வராதே" என்றான் மின்வாரியத்து காதர்.

உள்ளே இருந்த மலரை மறைக்க ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டேன். மத்தியானம் முழுக்க முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். கங்கம்மா, "அண்ணாவுக்கு இடுப்பு வலியா?" என்று கேட்டார்.

நாலரைக்கு ஹேமா வந்தாள். டீ. போஜன் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"புக்கு வராட்டிப் போகட்டும். எழுதினவனே இங்கதான் இருக்கான். சொல்லுடா நல்லு, வாயால சொல்லு. செத்தவன் கேக்கறேன்."

தப்பிக்க வழி இருந்தது. ஒன்பதாம் பக்கத்தை விட்டுவிட்டுச் சொல்லலாம். யாருக்கும் தெரியாது. எட்டாம் பக்கம் வரை நன்றாகச் சொன்னேன். விடுதிக் குளிர், ஒரு கம்பளியை இரண்டு பேர் போர்த்தியது, அவன் பானிபட் போரை ஒப்பித்தது. கங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து பத்தாம் பக்கத்துக்குத் தாவ வேண்டும். அப்போது ஹேமா, அப்பாவின் போர்வை நழுவியதை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

"இரண்டாம் ஆண்டுத் தேர்வில், எனக்குப் பின் சீட்டில் இருந்த உன் அப்பாவின் மேசைக்கு அடியில் ஒரு பிட்டு பிடிபட்டது" என்றேன். "அது என்னுடையது. உன் அப்பா தன்னுடையது என்று சொல்லி ஒரு வருடத் தடை வாங்கிக்கொண்டான். காமாலை எதுவும் இல்லை."

கங்கம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அங்கிள்" என்றாள் ஹேமா. "நீங்க பெரிய மனசுக்காரர்னு தெரியும். அதுக்காக அப்பா பண்ணினத உங்க தலையில போட்டுக்க வேண்டாம்." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "காமாலை இல்லியாப்பா, அப்ப?"

போஜன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"இல்லம்மா. பிட்டு என்னுது. நல்லு சும்மா சொல்றான்."

இரண்டாவது முறையும் அவனே முந்திக்கொண்டான். ஹேமாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவன் அதைப் பார்த்திருக்க முடியாது.

நான் ஸ்வெட்டருக்குள் கைவிட்டு மலரை எடுத்தேன். வயிற்றுச் சூட்டில் அட்டை வளைந்திருந்தது. ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து ஹேமாவிடம் கொடுத்தேன். அவள் சத்தமாகப் படித்தாள். தெளிவான உச்சரிப்பு. "கைகளைப் பற்றிக்கொண்டு அழுதான்" என்ற இடத்தில் காதர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றான்.

"இது காலைல வந்துச்சா?"

"ஆமாம்."

"இது நீங்க எழுதினதுதானே? நீங்க இப்ப சொன்னது ஒண்ணு. இதுல இருக்கறது ஒண்ணு. எது பொய்?"

"அச்சில் வந்தது. அவன் இறந்துவிட்டான் என்று நினைத்து எழுதினேன்."

அவள் மலரை மூடினாள். எழுந்து தன் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எங்க எக்ஸாம் ஆபீஸ்ல, புடிபட்டவங்க தன் கைப்பட எழுதித் தரணும். வாயால சொல்றத நாங்க எடுத்துக்கறதில்ல. எழுதுங்க சார்."

மூன்று நாளாக அங்கிள் என்று கூப்பிட்டவள்.

"ஹேமா, விடு" என்றான் போஜன்.

"நீங்க சும்மா இருங்கப்பா. எழுதுங்க சார். பிட்டு யாருது, யாரு எழுதினது. சார் முன் சீட்டு, அப்பா பின் சீட்டு. அது எப்படி அப்பா மேசைக்கு அடியில வந்துச்சு? அதையும் எழுதணும்."

இந்தக் கடைசிக் கேள்வியை இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கண்காணிப்பாளர் கேட்கவில்லை, முதல்வர் கேட்கவில்லை. இந்தக் குறிப்பேட்டிலும் நான் அதன் பக்கம் போகவில்லை. நான்கு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு நாலு வரி எழுத அரை மணி ஆயிற்று. நகல் இது:

"1979ஆம் ஆண்டு வரலாற்றுத் தேர்வில் பிடிபட்ட துண்டுத்தாள் என்னுடையது. என் கையெழுத்து. கண்காணிப்பாளர் என் வரிசைக்கு வருவதைப் பார்த்து, அதைக் கீழே போட்டு, செருப்புக் காலால் பின்னால் போஜனின் மேசைக்கு அடியில் தள்ளினேன். அவன் மாட்டுவான் என்று தெரிந்தே தள்ளினேன். ப. நல்லபெருமாள்."

ஹேமா அதையும் சத்தமாகப் படித்தாள்.

போஜன் நீண்ட நேரம் கண்ணைத் துடைத்தான். ஆபரேஷன் செய்த கண்ணைத் துடைக்கக் கூடாது என்று கங்கம்மா கையைப் பிடித்தார்.

"கை தவறிக் கீழ விழுந்துச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றான்.

எழுந்து உள்ளே போய்விட்டான்.

ஜூலை 9

காலை நாங்கள் பெட்டியைக் கட்டினோம். யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கங்கம்மா இட்லி வைத்தார். ஹேமா கல்லூரிக்குக் கிளம்பும்போது காதரிடம் மட்டும் போய்வருகிறேன் என்றாள்.

போஜன் கறுப்புக் கண்ணாடியோடு கார் வரை வந்தான்.

"அந்த நாலு வரிய என்ன பண்ணப் போற?"

"அடுத்த மலரில் போடுகிறேன். முதல் பக்கத்தில்."

"அடுத்த மலரு அடுத்த வருஷம். அதுக்குள்ள இருநூறு பேரு நான் பிட்டு அடிச்சவன்னு படிச்சு முடிச்சுடுவாங்க. நான் செத்ததை எதுல சொன்னீங்க?"

"குழுவில்."

"அதுலயே போடு. இப்பப் போடு. நான் நிக்கறேன்."

காரின் பானட்டில் தாளை விரித்து காதர் படம் எடுத்தான். என் கைபேசியில்தான் போட வேண்டும் என்று போஜன் சொன்னதால், எனக்கு அனுப்பி, நான் குழுவில் போட்டேன். குளிர் பதினோரு டிகிரி. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போஜனுக்கு ஒன்றும் தெரியாது. "யாராவது படிச்சாங்களா? என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

நான்கு நிமிடம் கழித்து முதல் பதில் வந்தது. கிதார் போஜன். கைகூப்பும் படம் மூன்று, கீழே ஒரு வரி.

"ஆழ்ந்த இரங்கல்கள்."

யாருக்கு என்று அவன் எழுதவில்லை. நான் அதை அப்படியே போஜனுக்குப் படித்துக் காட்டினேன்.